சலரி என்ற சொல்லால் நீங்கள் பட்ட பாடு

உப்புவெளித் தம்பி:
இலங்கையில், திருகோணமலை உப்புவெளியில் ஒரு ஹோட்டல் இன்டர்வியூ. "சலரி எவ்வளவு எதிர்பார்க்கிறீர்?" என்றார்கள். 60,000 என்றேன், சரி என்றார்கள். அன்றே அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லியாச்சு. முதல் மாதமே டெங்கு, ஐந்து நாள் லீவு. சம்பளச் சீட்டைப் பார்த்தால் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 30,000, மற்றதெல்லாம் அலவன்ஸ், அதில் பாதிக்கு மேல் வெட்டு. கணக்குப் பார்க்கும் அக்கா பேனா நுனியை பேசிக்கில் வைத்து, "தம்பி, உம்மட சலரி இதுதான்" என்றா. இரண்டு வருடமாகியும் அந்தப் பேனா நுனி கண்ணுக்குள் நிற்கிறது.

கொட்பே மகள்:
எனக்கு நடந்தது வேறு. கம்பஸ் உதவிப்பணப் படிவத்தில் தகப்பனின் சலரி என்று ஒரு கட்டம். அப்பா மற்றவரின் படகில் மீன்பிடிக்கப் போய், பிடிபட்டதில் பங்கு எடுப்பவர். நான் ஒரு தொகையை எழுதிவிட்டேன். "சலரி என்றால் சம்பளச் சீட்டு எங்கே?" என்றார் கவுண்டரில் இருந்தவர். அப்பா பக்கத்தில் நின்று, "மார்கழியில கடல் அடிச்சா ஒண்டுமில்ல ஐயா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. சலரி மாதம் தவறாமல் வரும் காசு, வேஜ் நாளுக்கோ மணிக்கோ கிடைக்கும் கூலி. பங்குக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

உவர்மலை அண்ணா:
தம்பி, அந்த அக்கா சொன்னதை நான் ஏற்கமாட்டேன். சலரி வேறு, பேசிக் சலரி வேறு. கடையொன்றில் எனக்கும் இதே கதைதான், விடுங்கோ. இனி எங்கே போனாலும் பேசிக் எவ்வளவு, எல்லாம் சேர்த்து எவ்வளவு, கழிவு போய்க் கையில் எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கோ. நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கோ. ஈ.பி.எஃப் என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போடவேண்டும். ஈ.டி.எஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் முதலாளியுடையது, உங்களிடம் கழிக்கக் கூடாது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈ.பி.எஃப் பேசிக்குக்கு மட்டுமில்லை, வாழ்க்கைச் செலவுப் படியும் சேரும். ஓவர்டைம் சேராது. சலரி என்ற சொல்லே லத்தீனில் உப்போடு சம்பந்தப்பட்டது, உப்புவெளியில் இருக்கிற உங்களுக்கு அது மறக்காது. தங்கச்சி, பங்கையும் வருமானம் என்று எழுதலாம், கிராம சேவகரிடம் கடிதம் எடுத்திருக்கலாமே?

கொட்பே மகள்:
எடுத்தோம் அண்ணா, கடிதம் கையில் இருந்தது. அப்பா அப்படிச் சொல்லி நிற்கவேண்டி வந்ததைத்தான் சொன்னேன்.

உப்புவெளித் தம்பி:
இப்போதுதான் சீட்டை எடுத்துப் பார்த்தேன். வாழ்க்கைச் செலவுப் படி என்று 10,000 தனியாக இருக்கிறது. 12 வீதம் 3,600 மட்டும்தான், பேசிக்குக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை அக்காவிடம் கேட்கப் போகிறேன்.