‘ஆலமரத்து வீடு’ குழுவில் ஒரு குட்டி ஆஸ்டின்

செந்தில் (பர்மிங்காம்): [போட்டோ] பிள்ளைகளோடு கேய்டன் ஊர் மோட்டார் மியூசியத்துக்கு வந்திருக்கிறோம். பெரியப்பா, இது என்ன வண்டி, சொல்லுங்கள் பார்க்கலாம்.

மீனா அத்தை: பொருட்காட்சியில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றுவார்களே, அதுவா?

பெரியப்பா: ஆஸ்டின் 7. பொம்மை இல்லை மீனா, முழுக் குடும்பக் கார். 1922இல் வந்தது, 1939 வரை ஏறக்குறைய 2,90,000 வண்டி செய்தார்கள்.

மீனா அத்தை: இதிலா குடும்பம் போகும்?

செந்தில் (பர்மிங்காம்): அகலம் நாலடிகூட இல்லை அத்தை. முன்னால் இரண்டு பேர், பின்னால் பிள்ளைகள். பெரியவர்கள் காலை மடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பெரியப்பா: அதற்கு முன்னால் கார் வாங்க வசதியில்லாத வீடுகளில் மோட்டார் சைக்கிளும் அதன் பக்கத்தில் ஒட்டிய சைட்காரும்தான். மழை வந்தால் எல்லோரும் நனைய வேண்டும். ஹெர்பர்ட் ஆஸ்டின் குறிவைத்தது அந்த ஆட்களைத்தான். ஆனால் அவர் கம்பெனி 1921இலேயே கடனில் மூழ்கி, கடன்காரர்களுக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் ரிசீவர் கைக்குப் போய்விட்டது.

கவின்: கடன் கட்ட வழியில்லாத நேரத்தில் புது மாடலா தாத்தா?

பெரியப்பா: டைரக்டர்களும் அதையேதான் கேட்டார்கள். மனிதர் அசரவில்லை. ஸ்டான்லி எட்ஜ் என்று 18 வயதுப் பையன், கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். அவனை வீட்டுக்கே கூட்டிப்போய் பில்லியர்ட்ஸ் அறையில் உட்காரவைத்து வரைய வைத்தார். ‘இரண்டு சிலிண்டர் வேண்டாம், நாலு போடலாம்’ என்று முதலாளியிடமே வாதாடி ஜெயித்தவன் அந்தப் பையன். ஆஸ்டின் சொந்தப் பணத்தைப் போட்டதால், விற்கிற ஒவ்வொரு வண்டிக்கும் அவருக்கு 2 கினி (2 பவுண்டுக்குச் சற்று மேல்) ராயல்டி.

மீனா அத்தை: 18 வயசு. கவின், காதில் விழுந்ததா?

கவின்: எனக்கு 20 ஆகிவிட்டது பாட்டி, இனி வாய்ப்பில்லை 😄

சுந்தரம் சித்தப்பா: இனிய காலை வணக்கம் 🌹

மீனா அத்தை: மணி நாலாகப் போகிறது சுந்தரம்.

கவின்: தாத்தா, எஞ்சின் கொள்ளளவே 747 சி.சி.தானாம், அதில் நாலு சிலிண்டரா? ஒவ்வொன்றும் டம்ளர் அளவுகூட இருக்காதே.

பெரியப்பா: அங்கேதான் வரி வருகிறது. 1921இலிருந்து இங்கிலாந்தில் காருக்குக் குதிரைத்திறன் ஒன்றுக்கு வருஷம் 1 பவுண்டு வரி. அந்தக் குதிரைத்திறனை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை, கணக்குப் போட்டார்கள். சிலிண்டரின் உள்விட்டத்தை, அதாவது ‘போர்’, அங்குலத்தில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கு. சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி 2.5ஆல் வகு. பிஸ்டன் போய்வரும் தூரம், அதாவது ‘ஸ்ட்ரோக்’, கணக்கிலேயே வராது.

கவின்: போர் எவ்வளவு?

பெரியப்பா: 2.2 அங்குலம்.

கவின்: 4.84 × 4 = 19.36. 2.5ஆல் வகுத்தால் 7.7 வருகிறது.

பெரியப்பா: 8 என்று முழு எண்ணாக்கிக்கொள், 8 பவுண்டு வரி. இப்போது மான்செஸ்டரில் செய்த ஃபோர்டு மாடல் டி காருக்குப் போடு. போர் 3.75, அதுவும் நாலு சிலிண்டர்.

கவின்: 22.5!! மூன்று மடங்கு வரியா?

பெரியப்பா: கிட்டத்தட்ட. வண்டி மலிவு, வரி யானை விலை. அதனால் இங்கிலாந்துக் கார் கம்பெனிகள் பலவும் போரை ஒல்லியாக்கி ஸ்ட்ரோக்கை நீட்டினார்கள். ஆஸ்டினில் போர் 56 மி.மீ., ஸ்ட்ரோக் 76. மெதுவாகப் போகையில் நன்றாக இழுக்கும், விரட்டினால் திணறும். என்னைக் கேட்டால் அந்த எஞ்சினுக்குப் பாதி டிசைனர் வரி அதிகாரிதான்.

கவின்: இணையத்தில் பார்த்தேன், பி.எம்.டபிள்யூ விற்ற முதல் காரே இதுதானாம்!

பெரியப்பா: ஆமாம், டிக்ஸி என்ற பெயரில் ஜெர்மனியில் ஐசனாக் ஊரில் ஒரு கம்பெனி லைசென்ஸ் வாங்கிச் செய்துகொண்டிருந்தார்கள். 1928இல் அந்தக் கம்பெனியையே பி.எம்.டபிள்யூ வாங்கிவிட்டது.

செந்தில் (பர்மிங்காம்): வெளியே ஒரு பெரியவர் தன் சொந்த ஆஸ்டினைக் கொண்டுவந்திருக்கிறார். என்னை ஓட்டச் சொன்னார். கிளட்ச் ஓரங்குலம்கூட அசையவில்லை பெரியப்பா, ஸ்விட்ச் மாதிரி. தவளைபோலக் குதித்து மூன்று முறை நின்றுவிட்டது. மகன் வீடியோ எடுத்துவிட்டான்.

மீனா அத்தை: அனுப்பு அனுப்பு.

பெரியப்பா: பழைய வண்டியா? கால் பிரேக் பின்சக்கரத்துக்கும் கை பிரேக் முன்சக்கரத்துக்கும் இருக்கும். 1930இல்தான் இரண்டையும் சேர்த்தார்கள். அவசரத்துக்குக் கையும் காலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

செந்தில் (பர்மிங்காம்): [போட்டோ]

பெரியப்பா: உன் முகம் எனக்குத் தெரியும். அவரிடம் கேட்டு பானட்டைத் திற. பெட்ரோல் டேங்க் உள்ளேயே, எஞ்சினுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கிறதா பார், பம்ப் இல்லாமல் தானாக இறங்கும். அதைப் படம் எடுத்து அனுப்பு.