அண்டவியல், துகள் இயற்பியல் உரைகள்: புரியாவிட்டாலும் போகலாமா?

கேள்வி:
எம்.எஸ்சி. இயற்பியல் முதல் வருடம். துறையில் வாராவாரம் ஆய்வுரை நடக்கிறது, யாரும் உட்காரலாம். பத்து நிமிடத்துக்கு அப்புறம் ஒன்றும் பிடிபடுவதில்லை. அந்த நேரத்தில் பாடப்புத்தகம் படித்தால் மேலா?

பதில்:
கட்டாயம் போங்கள் தம்பி. 1965 தொடக்கத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அண்டவியலாளர் ஜிம் பீபிள்ஸ் பேசினார், பெருவெடிப்பின் மிச்சக் கதிர்வீச்சு இன்றும் வானம் முழுக்க இருக்க வேண்டும் என்று. அதைக் கேட்ட வானொலி வானியலாளர் கென் டர்னர் இன்னொரு வானியலாளரான பெர்னார்ட் பர்க்கிடம் சொல்ல, பர்க் பெல் ஆய்வகத்தில் இருந்த பென்சியாஸிடம் சொல்ல, பென்சியாஸும் வில்சனும் பயன்படுத்திய ஆன்டெனாவில் காரணம் தெரியாமல் வந்துகொண்டிருந்த சுமார் 3.5 கெல்வின் இரைச்சல் என்னவென்று அப்போதுதான் விளங்கியது. 1978-இல் பென்சியாஸுக்கும் வில்சனுக்கும் நோபல், 2019-இல் பீபிள்ஸுக்கும். பர்க் அந்த உரையில் உட்காரவே இல்லை!

பதில்:
புத்தகத்தில் முடிந்துபோன விஷயம்தான் இருக்கும். பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று சொல்லும் ஹபிள் மாறிலியை எடுங்கள், அந்த மிச்சக் கதிர்வீச்சை அளந்த பிளாங்க் விண்கலத்தின் தரவு சுமார் 67 (கி.மீ./நொடி/மெகாபார்செக்) என்கிறது, தூரம் அளக்க உதவும் செஃபீட் விண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் வைத்து அளந்தால் 73 வருகிறது. இந்தச் சண்டையை உரைக்குப் பிந்தைய கேள்வி நேரத்தில்தான் நேராகப் பார்க்க முடியும், எனக்கு அதுதான் உரையின் சிறந்த பகுதி. முந்தின நாளே பேச்சாளரின் கட்டுரையை ஆர்க்கைவில் (arXiv, ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் இணையதளம்) தேடி முன்னுரையை மட்டும் படித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணா, நன்றி. அடுத்தது நியூட்ரினோ நிறை பற்றி. எதைப் பார்த்துவிட்டுப் போக?

பதில்:
நியூட்ரினோக்கள் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுவதை அளக்கும் அலைவுப் பரிசோதனைகள் நிறைகளின் வர்க்கங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான் தரும். மொத்த நிறைக்கு மேல்வரம்பு அண்டவியலிலிருந்து வருகிறது, அது எப்படி என்று பாருங்கள்.