மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஊருக்கு ஆக்ஸிஜன் செறிவூட்டி (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வாங்கப் பணம் சேர்ந்துவிட்டது என்று நம் ஊர்க் குழுவின் செயலாளர் அண்ணன் எழுதியிருந்தார். ரொம்ப சந்தோஷம். மீதிப் பணத்தை என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தார். அதற்கு முன்னால் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து 14 வருடம். பிரஷரும் உண்டு. மாதம் ஒருமுறை பஸ் ஏறி அறந்தாங்கி போய், ரத்தம் சோதித்து, மாத்திரை வாங்கி வருவார். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியதும் பஸ் நின்றது. நான் சிங்கப்பூரிலிருந்து தினமும் ராத்திரி பேசுவேன். "வாசலைத் தாண்டாதீங்க, யாரையும் உள்ளே விடாதீங்க" என்று இதையேதான் சொன்னேன். "மாத்திரை இருக்காம்மா?" என்றால் "இருக்குப்பா" என்பார். இருந்தது உண்மைதான். இரண்டு வேளை போட வேண்டியதை ஒரு வேளையாக்கி, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, தீராமல் வைத்திருந்தார்.

ஜூன் மாதம் காலில் ஒரு கொப்புளம். செருப்பு கடித்தது என்றார். ஆறவே இல்லை. சித்தப்பா மகன் பைக்கில் அழைத்துப்போய்க் காட்டியபோது சர்க்கரை 380. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 11-ஐத் தாண்டியிருந்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கொரோனா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அதே 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 155 நாடுகளிடம் விசாரித்ததில், பாதிக்கு மேற்பட்ட நாடுகளில் ரத்தக் கொதிப்பு சிகிச்சை ஓரளவோ முழுவதுமோ தடைப்பட்டிருந்தது. அதைப் படித்தபோது அம்மாவின் மாத்திரை டப்பாதான் கண்ணில் நின்றது.

இப்போது நான் "இருக்கா" என்று கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அட்டைகளைக் காட்டச் சொல்லி, மீதியை எண்ணி எழுதிக்கொள்கிறேன். 15 நாளுக்குக் கீழே இறங்கினால் உடனே தம்பிக்குப் போன். இரண்டு பாதங்களையும் காட்டச் சொல்கிறேன், விரல் இடுக்கு உட்பட. முதலில் அம்மாவுக்குக் கோபம் வந்தது. இப்போது நான் கூப்பிடும் முன்பே டப்பாவை எடுத்து வைத்துவிடுகிறார்.

இன்னொரு நல்ல செய்தி. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு மாத்திரை வீடு தேடி வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி, வேதனையைக் குறைக்கும் நோய்த்தணிப்புக் கவனிப்பும் உண்டு. நம்ம ஊருக்கு எப்போது வருகிறார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, உங்கள் வீட்டுப் பெரியவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பழைய மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும்.

மீதிப் பணத்தில் நாலு பிரஷர் கருவியும், சர்க்கரை பார்க்கும் கருவியும், அதில் ரத்தத் துளி வைத்துப் பார்க்கும் பட்டைகளும் வாங்கித் தெருவுக்கு ஒரு வீட்டில் வைக்கலாம் என்பது என் யோசனை. பட்டை தீர்ந்தால் கருவி சும்மா கிடக்கும், அதனால் அதற்கு மாதாமாதம் பணம் ஒதுக்க வேண்டும்.

மேலத்தெருவில் பிள்ளைகள் யாரும் இந்தக் குழுவில் இல்லாமல் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீடு ஆறு. இரண்டு வீட்டுக்கு நான் வாராவாரம் பேசுகிறேன். மற்ற நாலு வீட்டை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?