பனிக்கட்டியின் வயதும் குமிழியின் வயதும்

கேள்வி: அண்டார்க்டிகாவின் டோம் சி பகுதியில் துளைத்தெடுத்த பனி உருளைகள் 8,00,000 ஆண்டுக் காலநிலையைக் காட்டுவதாகப் படித்தேன். வெப்பமானியே இல்லாத காலத்தின் வெப்பநிலையைப் பனியிலிருந்து எவ்வாறு கணிக்கிறார்கள்?

பதில்: நீரிலுள்ள ஆக்சிஜன் அணுக்களில் மிகச் சில, வழக்கமான 16க்குப் பதிலாக 18 நிறையெண் கொண்டவை. ஈரக்காற்று துருவத்தை நோக்கிக் குளிர்ந்துகொண்டே செல்லும்போது கனமான மூலக்கூறுகள் வழியிலேயே முந்திப் பொழிந்துவிடுவதால், கடுங்குளிர்க் காலத்துப் பனியில் ஆக்சிஜன்-18 குறைந்திருக்கும். அந்த விகிதத்தை, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்தறியும் கருவியான நிறை நிறமாலைமானியில் அளக்கிறார்கள்.

மற்றொரு பதில்: அக்காலக் கரியமில வாயுவின் அளவைப் பனிக்குள் இருக்கும் குமிழிகளில் அடைபட்ட காற்றிலிருந்து அறிகிறார்கள். அந்தக் காற்று, சுற்றியுள்ள பனியைவிட இளையது; ஏனெனில் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில் பனி இறுகி மூடும்வரை மேற்காற்று உள்ளே புகுந்துகொண்டிருக்கும்.

கேட்டவர்: அப்படியானால் கரியமில வாயுவுக்கும் வெப்பநிலைக்கும் தனித்தனிக் காலக்கணக்கா?

பதில்: ஆம். டோம் சியில் பனியின் வயதுக்கும் காற்றின் வயதுக்கும் உள்ள இடைவெளி ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டும்.