புறநகர் குடியிருப்பு: கணக்க நம்பி கட்டலாமா?

கணக்குப்பிள்ளை:
நேத்து வேற ஒரு இழைல ஒருத்தர் எழுதியிருந்தாரு, "புறநகர்ல வீடு கட்ட எதுக்கு இவ்வளவு சென்சஸ், மார்க்கெட் டேட்டா, நெலம் இருந்தா கட்ட வேண்டியதுதான், ஜனம் தானா வந்து சேரும்"னு. அது தப்புன்னு சொல்லத்தான் தனியா இந்த இழை. நான் ஜனத்தொகை கணக்கு பாக்குற வேலைல இருக்கேன், வெறும் தலைய எண்ணுறதுன்னு நெனச்சுடாதீங்க. ஒரு ஏரியால 12,000 பேர் இருக்காங்கன்னு வைங்க, வீட்டுக்கு 4 பேர்னா 3,000 வீடு போதும். பத்து வருஷம் கழிச்சும் அதே 12,000 பேர்தான், ஒரு ஆள் கூடல, ஆனா வீட்டுக்கு 3 பேர்னு கொறஞ்சுபோச்சு, இப்ப 4,000 வீடு வேணும். அந்த 1,000 வீடு எங்கேர்ந்து வந்துச்சு? கல்யாணமாகி தனிக்குடித்தனம் போனவங்க, வேலைக்குன்னு தனியா வந்து தங்குனவங்க, பிள்ளைங்க கெளம்பிப் போனப்புறம் ரெண்டே பேரா நிக்கிற பெரியவங்க. இத நெலத்தப் பாத்து சொல்ல முடியாது. அடுத்த பத்து வருஷத்துல 25லேர்ந்து 34 வயசுக்குள்ள எத்தன பேர் வருவாங்க, அதுல எத்தன பேர் தனி வீடு எடுப்பாங்கன்னு வயசுவாரியா பிரிச்சுப் பாத்தாத்தான் எத்தன வீடு, எத்தன பெட்ரூம்னு தெரியும். அதுக்கு மேல பத்திரத்துல பதிவான விலை, வாடகை, காலியா கெடக்குற வீடு, மாசத்துக்கு எத்தன வீடு விக்குது, இதெல்லாம் இருக்கு. இத பாக்காம கட்டுறது அடுத்தவங்க சேமிப்ப வெச்சு சூதாடுற மாதிரி.

தெருவோரம்:
சார், 12,000 கணக்குல எனக்கு சண்டை இல்ல. ஆனா கணக்கு போட்டு கட்டுனா தப்பாதுங்குற மாதிரி எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. அமெரிக்கால செயின்ட் லூயிஸ்ல ப்ரூயிட்-ஐகோன்னு ஒரு குடியிருப்பு கட்டுனாங்க, 33 கட்டிடம், ஒவ்வொன்னும் 11 மாடி, மொத்தம் 2,870 வீடு. ஊரு பெருசாகிட்டே போகும்னு போட்ட கணக்க நம்பி 1950கள்ல கட்டுனது. 1950ல அந்த நகரத்துல 8.57 லட்சம் பேர், 1970ல 6.22 லட்சம். 1972லயே இடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. கணக்குப் போட்டவங்க யாரும் முட்டாள் இல்ல, நேத்து நடந்தது நாளைக்கும் நடக்கும்னு நம்புனாங்க, அவ்வளவுதான்.

இன்னொன்னு சொல்றேன், இது என் கண்ணால பாத்தது. ஒரு குடியிருப்பு திட்டத்துக்கு வீடு வீடா சர்வே எடுக்க போயிருந்தேன். ஃபார்ம்ல ஒரு கேள்வி, "வரும் 3 ஆண்டுகளில் வீடு வாங்கும் எண்ணம் உண்டா? ஆம் / இல்லை". ஒரே ரூம், நடுவுல ஒரு சேலைய கட்டி மறச்சு ரெண்டு குடும்பம். அந்தம்மாகிட்ட கேட்டேன். "நாங்க எங்கப்பா வாங்கறது"ன்னாங்க. "இல்லை"ல டிக் அடிச்சேன். அந்த தெருவுல மட்டும் நான் அடிச்ச முக்காவாசி டிக் "இல்லை"தான். கடைசில ரிப்போர்ட்ல என்ன வந்துச்சு தெரியுமா சார், "இப்பகுதியில் வீட்டுத் தேவை குறைவு". எந்த தெருவுல வீடு ரொம்ப அவசியமோ அந்த தெருவ என் கையாலயே அழிச்சேன். இன்னிக்கும் அது மனசுல கெடந்து உறுத்துது.

கணக்குப்பிள்ளை:
தெருவோரம், அந்த சேலை மறைப்ப படிச்சுட்டு கொஞ்ச நேரம் பதிலே எழுதத் தோணல. ஆனா அது டேட்டாவோட தப்பு இல்ல, கேட்ட கேள்வியோட தப்பு. வாங்குற சக்தியையும் தேவையையும் ஒரே கட்டத்துக்குள்ள போட்டுட்டாங்க. இந்தியாவோட கணக்கையே எடுங்க, 2011 சென்சஸ்ல நகரங்கள்ல ஆளில்லாம பூட்டிக்கிடந்த வீடு சுமார் 1.1 கோடி, அடுத்த வருஷமே ஒரு நிபுணர் குழு நகர வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடின்னு சொல்லுச்சு. ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல உண்மையாகும்னு கேட்டா, பற்றாக்குறைல பெரும்பகுதி வீடே இல்லாதவங்க இல்ல, நீங்க பாத்த மாதிரி ஒரே கூரைக்கு கீழ நெருக்கியடிச்சு வாழுறவங்க. அதுலயும் நூத்துக்கு 95 பேர் ஏழைகளும் குறைஞ்ச வருமானக்காரங்களும். பூட்டிக்கிடந்தது அவங்களுக்குன்னு கட்டுன வீடும் இல்ல. இத கண்டுபிடிச்சு சொன்னதும் டேட்டாதான்.

ப்ரூயிட்-ஐகோவப் பத்தி ஒரு வார்த்தை. நகரம் சுருங்குன அதே வருஷங்கள்ல அத சுத்தி இருந்த புறநகர் வளந்துச்சு. நகர எல்லைக்கு உள்ள மட்டும் பாத்தாங்க, எல்லைய தாண்டி ஜனம் வெளிய போறத பாக்கல. எந்த எல்லைக்குள்ள எண்ணுறோம்ங்கறதே பாதி வேலை.

செங்கல்:
ரெண்டு பேரும் நல்லா பேசுறீங்க. நான் கட்டுற பக்கத்து ஆளு, என் பாட்டையும் கேளுங்க. தேவை இருக்குன்னு மட்டும் சொன்னா பேங்க்ல ஒருத்தனும் கடன் தர மாட்டான். அவன் கேக்குறது மாசத்துக்கு எத்தன வீடு விக்கும்னுதான். அந்த ஏரியால எல்லா ப்ராஜெக்டும் சேந்து மாசம் 40 வீடு விக்குதுன்னா, எனக்கு அதுல 8 வந்தாலே பெரிய விஷயம், நான் 500 வீட்ட ஒரே மூச்சுல எழுப்புனா அஞ்சு வருஷத்துக்கு மேல வட்டி கட்டியே சாவேன். இதுல பெரிய பொறி என்னன்னா விளம்பரத்துல போடுற விலைய மார்க்கெட் விலைன்னு எடுத்துக்குறது. கேக்குற விலை வேற, கைமாறுற விலை வேற. அயர்லாந்துல பாருங்க, விலை ஏறுது ஏறுதுன்னு ஆளாளுக்கு கட்டுனாங்க, 2008ல எல்லாம் ஒடஞ்சுது, 2010ல போய் எண்ணிப்பாத்தா 2,800க்கு மேல குடியிருப்பு அரைகுறையா நின்னுச்சு. ரோடு இல்லாம, லைட் இல்லாம, நடுவுல நாலு குடும்பம் மட்டும் குடிவந்து மாட்டிக்கிச்சு. அதனால கணக்குப்பிள்ளை சொல்றதுதான் சரி, மார்க்கெட்ட பாக்காம கட்டுனா கடைசில அடிபடுறது குடிவந்தவந்தான்.

தெருவோரம்:
செங்கல் அண்ணே, நீங்க சொன்ன அயர்லாந்து என் பக்கத்துக்குத்தான் சாட்சி. அங்க மார்க்கெட் டேட்டா இல்லாம கட்டல, மார்க்கெட் டேட்டாவ பாத்துத்தான் கட்டுனாங்க, விலை ஏறுனதே டிமாண்டுக்கு அத்தாட்சின்னு நெனச்சாங்க. முதலீட்டுக்கு வாங்குனவனும் குடியிருக்க வாங்குனவனும் பத்திரத்துல ஒரே மாதிரிதான் தெரிவான்.

கணக்குப்பிள்ளை:
அதுக்குத்தான் இன்னொரு கணக்க பக்கத்துல வைக்கணும்ங்கறேன். மின்சார மீட்டர் ஓடுதா இல்லையான்னு பாருங்க. வித்துப்போன வீட்ல மாசக்கணக்கா யூனிட்டே ஏறலன்னா அது குடியிருக்க வாங்குனது இல்ல. எந்த ஒரு எண்ணையும் தனியா நம்பக்கூடாது. சிங்கப்பூர்ல முன்னாடி அரசாங்க வீட்டுக்கு பேரு பதிஞ்சு வரிசைல நிக்கிறவங்கள எண்ணி கட்டுனாங்க, 1997 நிதி நெருக்கடி வந்ததும் வரிசைல நின்னவங்க கலைஞ்சு போயிட்டாங்க, பல்லாயிரம் வீடு விக்காம நின்னுச்சு. 2001ல முறைய மாத்துனாங்க, பெரும்பகுதி வீட்டுக்கு புக்கிங் வந்தாத்தான் கட்டவே ஆரம்பிக்கிறது. ஆசைப்படுறவங்கள விட்டுட்டு பணம் கட்டுனவங்கள எண்ணுறது.

தெருவோரம்:
அப்புறம் என்னாச்சுன்னும் சொல்லுங்க சார். புக்கிங் வந்தாத்தான்னு ஜாக்கிரதையா கட்டி கட்டி, பத்து வருஷத்துல வீடு பத்தாம விலை ஏறி ஜனம் கோவப்பட்டு, 2011ல ஒரே வருஷத்துல 25,000 வீடு அளவுக்கு அறிவிக்க வேண்டியதாச்சு. கூடுதலா கட்டுனா செங்கல் அண்ணனுக்கு நஷ்டம், அது பேலன்ஸ் ஷீட்ல தெரியும். கொறைச்சு கட்டுனா அந்த சேலைக்கு பின்னாடி இருக்குற குடும்பத்துக்கு நஷ்டம், அது எந்த ஷீட்லயும் ஏறாது.

மாடிப்படி:
ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இதுல எழுதணும்னு தோணுச்சு. நான் ஊருக்கு வெளிய அப்படி கணக்கு போட்டு கட்டுன ஒரு குடியிருப்புலதான் இருவத்தாறு வருஷமா இருக்கேன். யார் கட்டுனதுன்னு சொல்லப்போறதில்ல. நாலு மாடி, லிஃப்ட் கெடையாது. நாங்க வந்தப்ப எல்லாருமே முப்பது வயசுக்காரங்க, கைல ஒண்ணு இடுப்புல ஒண்ணு. அந்த வயசுக்காரங்களுக்குத்தான் டிமாண்ட்னு டேட்டா சொல்லியிருக்கும், சரியாத்தான் சொல்லியிருக்கு. ஸ்கூல் பத்தாம ஷிஃப்ட் போட்டாங்க. இப்ப அதே ஸ்கூல்ல பாதி ரூம் பூட்டிக்கிடக்கு, ஏன்னா எல்லா பிள்ளைங்களும் ஒரே சமயத்துல வளந்து ஒரே சமயத்துல போயிட்டாங்க. மிச்சம் இருக்குற நாங்க எல்லாரும் ஒண்ணா வயசாகிட்டு இருக்கோம். எதிர்வீட்டம்மாவுக்கு முட்டி வலி, மூணாவது மாடி. ரெண்டாவது மாடி திருப்பத்துல நாங்களே ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு வெச்சிருக்கோம், அங்க உக்காந்து மூச்சு வாங்கிட்டு மிச்சப்படி ஏறுவாங்க. சில நாள் பை அங்கயே இருக்கும், யாராச்சும் எடுத்துட்டு போய் குடுப்போம்.

ஜப்பான்ல தாமா நியூ டவுன்னு டோக்கியோவுக்கு வெளிய இருக்கு, 1971ல ஜனம் குடிவர ஆரம்பிச்சுது. அங்கயும் இதே கதைதான், லிஃப்ட் இல்லாத அஞ்சு மாடி, எல்லாரும் ஒரே வயசு, அப்புறம் ஸ்கூல் மூடுனாங்க. அவங்களுக்கு டேட்டா இல்லாமலா இருந்துச்சு? முப்பது வயசு ஆளுக்கு முப்பது வருஷம் கழிச்சு அறுவதுன்னு சொல்ல எந்த ப்ரொஜெக்ஷனும் வேணாமே. கட்டுற அன்னிக்கு யார் வாங்குவாங்கன்னு மட்டும் பாத்தா இப்படித்தான் ஆகும்.

கணக்குப்பிள்ளை:
மேடம், நீங்க சொன்னது என் தொழிலோட மேலயே விழுந்த அடி, ஒத்துக்கிறேன். நாங்க குடுக்குற அட்டவணை குடிவர்ற வருஷத்தோட நின்னுடும். மாடல்ல முப்பது வருஷம் ஓட்டலாம், ஓட்டத்தெரியும், ஆனா அத யாரும் கேக்குறதில்ல. கேக்கலன்னாலும் நாங்க வெச்சிருக்கணும். ஒரே சைஸ் வீடா கட்டாம சின்னது பெருசு கலந்து, வாடகைக்கு சொந்தத்துக்குன்னு கலந்து, அஞ்சாறு கட்டமா விட்டா வயசும் கலந்து வரும், ஸ்கூல் ஒரே சமயத்துல வழியவும் செய்யாது, காலியாகவும் ஆகாது.

செங்கல்:
கலந்து கட்டுங்கன்னு சொல்றது ஈசி. லிஃப்டுக்கு போடுற செலவும் மெயின்டனன்சும் வீட்டு விலைல ஏறும், அப்ப முதல்ல வெளிய போறது தெருவோரம் சொல்ற குடும்பந்தான். நாலாவது மாடி வரைக்கும் லிஃப்ட் வேணாம்னு இருந்ததாலதான் மேடத்தால அன்னிக்கு அந்த வீட்ட வாங்கவே முடிஞ்சிருக்கும்.

மாடிப்படி:
உண்மைதான், லிஃப்ட் இருந்திருந்தா வாங்கியிருக்க மாட்டோம். ஆனா லிஃப்ட் வைக்கிறதுக்கு ஒரு குழி, ஒரு இடம் விட்டு வெச்சிருக்கலாமே, பின்னாடி நாங்க காசு சேத்து போட்டிருப்போம். இப்ப வைக்க சுவத்த இடிக்கணும்ங்கறாங்க. இன்னொன்னு, விலைன்னா வீட்டு விலை மட்டுமா? வீட்டுச் செலவு வருமானத்துல 30 சதவீதத்துக்குள்ள இருந்தா கட்டுப்படியாகும்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அதுல எங்க வீடு பாஸ். ஆனா வேலைக்கு ரெண்டு பஸ் மாறி போய் வந்த காசையும் நேரத்தையும் யாரு எண்ணுனா? வீடும் போக்குவரத்தும் சேத்து 45 சதவீதம்னு அமெரிக்கால ஒரு அளவு வெச்சிருக்காங்களே, ஊருக்கு வெளிய கட்டுற வீட்டுக்கு அதுதான் பொருத்தம்.

தெருவோரம்:
மெக்ஸிகோல இத எண்ணாமத்தான் மாட்டுனாங்க. 2000கள்ல நெலம் சல்லிசுன்னு ஊருக்கு ரொம்ப வெளிய லட்சக்கணக்குல கட்டுனாங்க, கடன் குடுத்த கணக்க பாத்தா டிமாண்ட் அமோகம். 2010 சென்சஸ்ல சுமார் 50 லட்சம் வீடு ஆளில்லாம இருந்துச்சு. வேலை ஒரு மூலைல வீடு ஒரு மூலைலன்னா மனுஷன் கடன் வீட்டையும் விட்டுட்டு போயிடுவான்.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கு. விலை டேட்டாங்கறது பழைய அநியாயத்தையும் சேத்துத்தான் தூக்கிட்டு வரும். 1930கள்ல அமெரிக்கால கறுப்பினத்தவங்க வாழ்ந்த ஏரியாவ மேப்ல சிவப்பு அடிச்சு வெச்சாங்க, கடன் குடுக்க ஆபத்துன்னு. கடன் வராததால வீடு பாழாச்சு, வீடு பாழானதால விலை எறங்குச்சு, எறங்குன விலைய காட்டி பாத்தியா ஆபத்துன்னாங்க. 1947ல ஆரம்பிச்ச லெவிட்டவுன் புறநகர்ல வெள்ளையர் இல்லாதவங்க குடியிருக்கக்கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருந்தாங்க. இப்ப ஒருத்தர் அந்த விலை வரலாற மட்டும் எக்செல்ல போட்டு எங்க கட்டலாம்னு கேட்டா அது என்ன பதில் சொல்லும்?

கணக்குப்பிள்ளை:
அதே பதிலத்தான் சொல்லும். அதுக்கு மறுப்பு இல்ல. ஆனா அந்த சிவப்பு மேப்ப எடுத்து வெச்சு, இன்னிக்கு விலையோட பொருத்திப் பாத்து, இது அநியாயம்னு காட்டுனதும் அதே மாதிரி கணக்கு போடுறவங்கதான். ஏன் இந்த விலைன்னு கேக்காம விலைய எடுக்கக்கூடாதுங்கறது வரைக்கும் உங்களோட வர்றேன், எடுக்கவே கூடாதுன்னா வரமாட்டேன். சரி, அந்த சர்வே ஃபார்ம்ல நீங்களா இருந்தா என்ன கேட்டிருப்பீங்க?

தெருவோரம்:
எண்ணம் உண்டான்னு கேட்டிருக்க மாட்டேன். ராத்திரி இந்த ரூம்ல எத்தன பேர் படுக்குறீங்க, எத்தன அடுப்பு எரியுது, வாடகை எவ்வளவு, போன தடவ ஏன் வீடு மாறுனீங்க, வேலைக்கு காலைல எத்தன மணிக்கு கெளம்புறீங்க, வீட்ல யாராச்சும் படி ஏற முடியாம இருக்காங்களா. அந்தம்மா இது எல்லாத்துக்கும் பதில் சொல்லியிருப்பாங்க.

செங்கல்:
அடுப்பு எத்தனங்குறது நல்ல கேள்வி. ரெண்டு அடுப்புன்னா ரெண்டு வீடு. ஆனா வாடகை எவ்வளவுங்கறதோட நிறுத்தாதீங்க, எந்த மாசம் கட்ட முடியாம போச்சுன்னும் கேளுங்க, தவணைய எப்படி போடணும்னு எனக்கு அதுலதான் தெரியும். அது தெரிஞ்சா முதல் கட்டத்துல வாடகைக்குன்னு கொஞ்சம் வீடு ஒதுக்க பேங்க்ல பேசிப் பாக்கலாம். நடக்கும்னு சொல்லல.

மாடிப்படி:
லிஃப்ட் குழியையும் அந்த லிஸ்ட்ல சேத்துக்கோங்க தம்பி.