மே மாதம் ஆஸ்திரேலியா: 16 நாளில் எத்தனை ஊர் பார்க்கலாம்?

சேது, நங்கநல்லூர்:

எல்லோருக்கும் வணக்கம். வரும் மே மாதப் பள்ளி விடுமுறையில் ஆஸ்திரேலியா போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, 6 வயது மகள், 71 வயது அம்மா. அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு, மெதுவாக நடப்பார். சுத்த சைவம். மொத்தம் 16 நாள் லீவு கிடைக்கும். சிட்னி, கோல்ட் கோஸ்ட், கெய்ன்ஸ், உலுரு, மெல்போர்ன், கடைசியாகப் பெர்த்தில் அத்தை மகன் வீடு என்று எழுதி வைத்திருக்கிறேன். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. இது சரிவருமா? முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

ரமேஷ், பெரம்பூர்:

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூர், கோலாலம்பூர் அல்லது கொழும்பு வழியாகப் போகலாம். டிக்கெட் எடுக்கும்போது சிட்னியில் இறங்கி மெல்போர்னில் ஏறுவது மாதிரி எடுங்கள். போன ஊருக்கே திரும்பி வருகிற செலவும் அலைச்சலும் மிச்சம். அம்மாவுக்கு வீல்சேர் வேண்டும் என்று புக்கிங்கிலேயே பதிந்துவிடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

கலா, அம்பத்தூர்:

தம்பி சேது, உங்கள் பட்டியலில் பாதியை எடுத்துவிடுங்கள். என் மகன் குடும்பம் சிட்னியில் இருப்பதால் எனக்கு அந்த ஊர் பழக்கம். இங்கிருந்து போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் தடுமாறுவது தூரத்தில்தான். இந்தியா சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆஸ்திரேலியா 77 லட்சம். வரைபடத்தில் சிட்னியும் பெர்த்தும் ஒரே நாட்டு ஊர்களாகத் தெரியும். விமானத்தில் 5 மணி நேரம் ஆகும். நாம் சிங்கப்பூர் போவதைவிட அதிகம். சாலையில் போனால் கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர்.

விமான நேரத்தை மட்டும் கணக்குப் போடாதீர்கள். காலையில் பெட்டி கட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், விமான நிலையத்தில் காத்திருக்க வேண்டும். புது ஊரில் இறங்கினால் மதியம் 2 மணி, 3 மணிக்கு முன் அறை தர மாட்டார்கள். அதற்குள் குழந்தை சிணுங்கும், அம்மா உட்கார இடம் தேடுவார். ஊர் மாறுகிற ஒவ்வொரு முறையும் ஒரு முழு நாள் போய்விடும். ஆறு ஊர் என்றால் பாதி லீவு அதிலேயே கரைந்துவிடும்.

நான் சொல்வது சிட்னியும் மெல்போர்னும் மட்டும். இரண்டுக்கும் நடுவே விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். பவளப்பாறை பார்த்தே ஆக வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால் கெய்ன்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் அங்கே மழைக்காலம் முடிந்திருக்கும். நடு ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தில் இருக்கிற உலுரு பாறை அற்புதமான இடம்தான். ஆனால் அதற்கென்று தனியாக நாள் ஒதுக்கிப் போக வேண்டும், இந்தப் பயணத்தில் வேண்டாம். பெர்த்தில் இருக்கிற அத்தை மகனை மெல்போர்னுக்கு வரச் சொல்லுங்கள். ஒருவர் வருவது நான்கு பேர் போவதைவிட எளிது.

மே என்பது அங்கே இலையுதிர் காலத்தின் கடைசி. சிட்னியில் மாலை 5 மணி தாண்டியதும் இருட்டிவிடும். வெளியே சுற்றுவதைக் காலை 9 மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. மெல்போர்ன் பக்கத்தில் பிலிப் தீவு இருக்கிறது, சுமார் 140 கிலோமீட்டர். அங்கே சின்னஞ்சிறு பென்குயின்கள் சூரியன் மறைந்த பிறகு கடலிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கரையேறி, மணல் மேல் தத்தித் தத்தி நடந்து வளைக்குப் போகும். கோடையில் போனால் அதற்கு இரவு 9 மணி ஆகிவிடும், குழந்தை தூங்கிவிடும். மே மாதத்தில் ஆறு மணிக்கெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பலாம். குளிர்காற்று பலமாக அடிக்கும், போர்வை கையோடு இருக்கட்டும். அம்மாவுக்குப் புடவைக்குள் தெர்மல், காலுக்கு சாக்ஸ், ஷூ. செருப்போடு கூட்டிப் போகாதீர்கள்.

சிட்னியில் ஊர் நடுவே ஹோட்டல் எடுக்காமல் பாரமட்டா பக்கம் சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுங்கள். பக்கத்து ஹாரிஸ் பார்க்கில் நம் மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, மேய்ஸ் ஹில்லில் முருகன் கோவில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் போக ரயில் உண்டு. ஆனால் அம்மாவோடு ஒருமுறையாவது படகில் போங்கள். பாரமட்டா ஆற்றில் கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடியே போனால், ஹார்பர் பாலத்தின் அடியில் புகுந்து ஓபரா ஹவுஸ் பக்கத்தில் கொண்டுபோய் விடும். நடையே இல்லை. ப்ளூ மவுண்டன்ஸ் என்கிற நீல மலைக்கும் சிட்னி சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து கட்டூம்பா வரை ரயில், இரண்டு மணி நேரம். அங்கே செங்குத்தாக இறங்குகிற ரயிலில் மகள் போகட்டும், அம்மா கேபிள் காரில் இறங்கட்டும். அதில் வீல்சேரே ஏறும்.

ஜான்சன், வேளச்சேரி:

கலா அம்மா சொன்னதோடு கார் பற்றி ஒரு வார்த்தை. அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுவார்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட நம் லைசென்ஸ் சுற்றுலாவுக்குப் போதும். ஆர்டிஓவில் சர்வதேச பெர்மிட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் வாடகை கம்பெனியில் கேள்வி வராது. ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே இருக்கும் வண்டிக்கு வழி விட்டே ஆக வேண்டும், இங்கே மாதிரி மூக்கை நுழைக்க முடியாது. சுங்கச் சாலைகளில் நின்று பணம் கட்டும் இடம் இருக்காது, எல்லாம் கேமரா. அதனால் டோல் எப்படிப் பிடிப்பார்கள் என்று வண்டி எடுக்கும்போதே கேளுங்கள். 7 வயது நிறையாததால் மகளுக்கு பூஸ்டர் சீட் கட்டாயம், முன்பே சொல்லி வையுங்கள்.

மெல்போர்னிலிருந்து கிரேட் ஓஷன் ரோடு போனால் ஒரே நாளில் திரும்பாதீர்கள். கடலோரமாக வளைந்து வளைந்து 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் 1919 முதல் 1932 வரை போட்ட சாலை. கடலுக்குள் தூண் மாதிரி நிற்கிற பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளைப் பார்த்து முடிக்கும்போதே மே மாதத்தில் பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் கங்காரு சாலைக்குக் குறுக்கே பாயும். போர்ட் கேம்ப்பெல்லில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் கோலாக் வழியாக உள்சாலையில் மெல்போர்ன் வந்துவிடுங்கள்.

சேது, நங்கநல்லூர்:

ரொம்ப நன்றி. சிட்னி, மெல்போர்ன் இரண்டு மட்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். அத்தை மகனும் மெல்போர்ன் வருவதாகச் சொல்லிவிட்டான். விசாவும் சாப்பாடும்தான் இப்போது கவலை. அம்மா சாம்பார்ப் பொடி, நெய், ஊறுகாய், பால்கோவா எல்லாம் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

கலா, அம்பத்தூர்:

பால்கோவாவையும் நெய்யையும் இங்கேயே வைத்துவிடுங்கள். பால் பொருள், பழம், பச்சைக் கறிவேப்பிலை, வெற்றிலை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். அம்மா தலையில் மல்லிகைப்பூ வைத்திருந்தால் இறங்குவதற்கு முன் விமானத்திலேயே எடுத்துக் கொடுத்துவிடட்டும். கம்பெனி பாக்கெட்டில் சீல் வைத்த பொடிகள் போதும். விமானத்தில் ஒரு அட்டை தருவார்கள். உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆமாம் என்றே குறித்துவிட்டு அதிகாரியிடம் காட்டுங்கள். காட்டினால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அபராதம், விசாவை ரத்து செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அங்கே விவசாயத்துக்கு வெளிப்பூச்சியும் நோயும் வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

விசா, 600 என்ற வகை. குழந்தை உட்பட ஆளுக்கொரு விண்ணப்பம், ஆன்லைனில். பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், உங்கள் ஆபீஸில் லீவு கொடுத்த கடிதம், அம்மாவின் பென்ஷன் தாள், வீட்டு வரி ரசீது, எல்லாம் ஸ்கேன் செய்து போடுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து வையுங்கள். கைரேகை கொடுக்கச் சென்னையிலேயே மையம் இருக்கிறது. விசா வந்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள். அம்மாவின் மாத்திரைகளை ஒரிஜினல் அட்டையோடு, டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தேவைப்படுகிற அளவு கூடாது. அங்கே ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்தாலும் பில் தாங்காது, இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கும் மூட்டுப் பிரச்சினையை மறைக்காமல் எழுதுங்கள்.

தேதி முடிவானதும் பென்குயின் டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்.