ஆப்பிரிக்காவில் பெண்கல்வியும் பாலினச் சமத்துவமும்: இளையோர் தலைமை எதை மாற்றியிருக்கிறது?

நிலாமுற்றம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசுவதற்காக, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் இளைஞர் உரிமை ஆவணமான ஆப்பிரிக்க இளைஞர் சாசனத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அது 2006இல் காம்பியாவின் தலைநகர் பஞ்சுலில் ஏற்கப்பட்டு 2009இல் நடைமுறைக்கு வந்தது. படிப்பு முடியும் முன்பே கருவுற்ற அல்லது மணம் முடிக்கப்பட்ட பெண்களுக்குக் கல்வியைத் தொடர வாய்ப்பளிக்க வேண்டும் என்று அதன் 13ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் சாசனம் நடைமுறைக்கு வந்த பிறகும், அத்தகைய மாணவிகளைப் பள்ளியை விட்டு வெளியேற்றிய அரசுகள் அங்கே இருந்திருக்கின்றன.

ஆகவே என் ஐயம் இதுதான். மாநாட்டு மேடைகளில் இளைஞர்களை முன்வரிசையில் அமர்த்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதை இளையோர் தலைமை என்றும் அழைக்கிறார்கள். அதற்கு அப்பால், பெண்களின் கல்வியிலோ உரிமையிலோ ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்த ஒரு முடிவை இளையோரே முன்நின்று மாற்றிய நிகழ்வுகள் உண்டா? பாராட்டுரைகள் எனக்கு வேண்டாம். எந்த இடத்தில், எந்த வழியில் மாற்றினார்கள் என்று சொன்னால் போதும்.

வழக்குரை:

உண்டு. நான் சட்டம் படித்தவள் என்பதால் முதலில் நீதிமன்றத்தையே சுட்டுகிறேன். தான்சானியாவின் 1971ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் ஆணுக்கு 18 வயதையும் பெண்ணுக்கு 15 வயதையும் குறைந்தபட்ச வயதாக வைத்திருந்தது. நீதிமன்ற அனுமதி பெற்றால் 14 வயதிலேயே பெண்ணை மணம் முடிக்கலாம் என்றும் இடம் தந்தது. அச்சட்டத்தின் 13, 17 ஆகிய பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்று 2016இல் உயர் நீதிமன்றத்தை நாடியவர் ரெபேக்கா கியூமி. அப்போது முப்பதை எட்டியும் எட்டாத வயதிலிருந்த வழக்கறிஞர். அதே ஆண்டு ஜூலையில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அரசு மேல்முறையீடு செய்து, அந்தச் சட்டம் வழக்காறுகளையும் சமய நெறிகளையும் அரவணைத்து இயற்றப்பட்டது என்று வாதிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 அக்டோபரில் அவ்வாதத்தைத் தள்ளிவிட்டு, முந்தைய தீர்ப்பை உறுதிசெய்தது.

சிம்பாப்வேயில் நடந்ததை இதைவிட வலுவானதாகவே நான் கருதுகிறேன். லவ்னெஸ் முட்சுரு, ருவிம்போ சொபோட்சி என்ற இருவர், தாங்களே சிறுவயதில் மணம் முடிக்கப்பட்டவர்கள், அரசமைப்பு நீதிமன்றத்தில் மனுதாரர்களாக நின்றார்கள். 2016 ஜனவரி 20 அன்று தீர்ப்பு வந்தபோது இருவரும் இருபது வயதைக்கூடத் தாண்டவில்லை. 2013ஆம் ஆண்டு அரசமைப்பு, 18 வயது நிறைந்தவருக்கே குடும்பம் அமைக்கும் உரிமையைத் தருகிறது. பழைய திருமணச் சட்டமோ பெண்ணை 16 வயதில் மணம் முடிக்க அனுமதித்தது. இந்த முரணைப் பிடித்துக்கொண்டே அவர்கள் வென்றார்கள். பாதிக்கப்பட்டோரைச் சாட்சியாக மட்டும் அழைத்துவந்து கண்ணீர் சிந்தவைக்கும் வழக்கத்துக்கும், அவர்களே வழக்கைத் தொடுப்பதற்கும் எவ்வளவு தொலைவு என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

சுண்ணக்கட்டி:

சகோதரி சொன்னது சரி, ஆனால் தீர்ப்போடு கதை முடிந்துவிடுவதில்லை. தான்சானிய உயர் நீதிமன்றம் சட்டத்தைத் திருத்த ஓராண்டு அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் கடந்தும் நாடாளுமன்றம் திருத்தவில்லை. அதே காலத்தில், கருவுற்ற மாணவி மீண்டும் பள்ளிக்கு வர முடியாது என்று 2017இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவரே வெளிப்படையாக அறிவித்தார். ஆட்சித் தலைமை மாறிய பிறகு, 2021 நவம்பரில்தான் அந்தத் தடை நீங்கியது. ஒரே நாட்டில் நீதிமன்றம் ஒரு கதவைத் திறக்க, அரசு இன்னொன்றைச் சாத்தி வைத்திருந்தது.

சியரா லியோனில் இன்னொரு வகை. எபோலாவால் மூடப்பட்ட பள்ளிகள் 2015இல் திறந்தபோது, கருவுற்ற மாணவிகள் மற்ற மாணவர்களோடு அமர்ந்து படிக்கவும் தேர்வெழுதவும் கூடாது என்று அரசு தடுத்தது. பெண்களின் உரிமைக்காகப் பாடுபட்ட அமைப்புகள் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டு நீதிமன்றத்துக்கு வழக்கைக் கொண்டுசென்றன; அந்தத் தடை பாகுபாடே என்று 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2020 மார்ச் மாதம் தடை நீக்கப்பட்டபோது கல்வி அமைச்சராக இருந்தவர் டேவிட் மொய்னினா செங்கே. முப்பதுகளின் முற்பகுதியில்தான் இருந்தார். இளைஞர் ஒருவர் ஆலோசனைக் குழுவில் இருப்பதற்கும், ஆணையில் கையெழுத்திடும் நாற்காலியில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே துலங்குகிறது. எனினும் வழக்கை நடத்தியவர்கள் அவர் அல்லர் என்பதையும் மறக்கலாகாது.

நடைவண்டி:

நீதிமன்றமும் அமைச்சகமும் பேசப்பட்டுவிட்டன. வகுப்பறையை யாரும் தொடவில்லை. கேம்ஃபெட் என்ற அமைப்பு 1993இல் சிம்பாப்வேயில் 32 சிறுமிகளின் படிப்புச் செலவை ஏற்றுத் தொடங்கியது. உதவி பெற்றுப் படித்து முடித்த பெண்கள் 1998இல் தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்தார்கள். என் பார்வையில் அதுவே முக்கியமான திருப்பம். அவர்களில் பலர் தத்தம் ஊர்ப் பள்ளிகளுக்கே திரும்பி, கற்போர் வழிகாட்டிகளாகப் பணியாற்றுகிறார்கள். ஒரு மாணவி சில நாட்கள் வராவிட்டால் அவள் வீட்டுக்குச் சென்று காரணம் கேட்பது, கட்டணமா திருமணப் பேச்சா என்று அறிந்து பள்ளியோடும் பெற்றோரோடும் பேசுவது போன்ற வேலைகள் அவை. மாணவி வராத நாளில் வருகைப் பதிவேட்டில் விழும் சிறு கோட்டுக்குப் பின்னால் இருக்கும் உண்மையை, அதே வறுமையைத் தாண்டிவந்த பக்கத்து வீட்டு அக்காள் அறிவதுபோல் தலைநகரத்து அதிகாரி அறிய மாட்டார். முதலில் உதவி பெற்ற சிறுமிகளில் ஒருவரான ஏஞ்சலின் முரிமிர்வாவே பிற்காலத்தில் அவ்வமைப்பின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

ஆற்றங்கரை:

நான் சற்று மறுத்துப் பேச விரும்புகிறேன். இளையோரைத் தனியே பிரித்துப் போற்றுவது நடந்ததைத் திரித்துவிடும். மலாவியின் டெட்சா மாவட்டத்தில் சிறுமிகளின் திருமணங்களை நூற்றுக்கணக்கில் ரத்துசெய்து அவர்களைப் பள்ளிக்கு அனுப்பியவர் டெரேசா கச்சிண்டமோட்டோ என்னும் மூத்த தலைவி. அவர் இளைஞர் அல்லர். அங்கே ஊர்த் தலைவரின் சொல்லுக்கு இருக்கும் கனம், தலைநகரில் அச்சாகும் அரசிதழுக்கு இல்லை.

வழக்குரை:

ஐயா சொல்வது மெய்யே. ஆனால் அதே மலாவியில், சிராட்சுலு மாவட்டத்தைச் சேர்ந்த மெமரி பண்டாவின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன். அவருடைய தங்கை 11 வயதிலேயே கருவுற்று மணம் முடிக்கப்பட்டாள். மெமரியும் அவரோடு சேர்ந்த சிறுமிகளும் முதலில் போனது ஊர்த் தலைவரிடம்தான். சிறுமிகளைக் காக்கும் ஊர்விதி வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள். பிறகு நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் பேசினார்கள். 2015இல் திருமண வயதை 18 ஆக்கும் சட்டம் வந்தது. ஆயினும் பெற்றோர் சம்மதித்தால் 15 வயதிலேயே மணம் முடிக்கலாம் என்ற இடைவெளி அரசமைப்பில் எஞ்சியிருந்தது. அதை 2017இல் திருத்தம் அடைத்தது. தலைவர் மனம் வைத்தார் என்பது உண்மை. அவர் முன் போய் நின்று கேட்டவர்கள் சிறுமிகள் என்பதும் உண்மை.

நிலாமுற்றம்:

அனைவருக்கும் நன்றி. என் உரையின் போக்கே மாறிவிட்டது. சாசனத்தை விட்டுவிட்டு சிம்பாப்வே வழக்கிலிருந்து தொடங்கப்போகிறேன். நடைவண்டி அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: அந்த வழிகாட்டிகளுக்கு ஊதியம் உண்டா? ஏழை வீட்டுப் பெண்கள் ஊதியமின்றி எத்தனை காலம் உழைக்க முடியும்?

நடைவண்டி:

நியாயமான கேள்வி. மாத ஊதியம் கிடையாது, அவர்கள் தன்னார்வலர்கள். அதற்கு ஈடாகச் சிறுதொழில் தொடங்க வட்டியில்லாக் கடன் பெறும் வாய்ப்பு உண்டு; பணமாகக் கட்ட வேண்டிய வட்டியைப் பள்ளியில் செலவிடும் நேரமாகக் கட்டுகிறார்கள் என்று அவ்வமைப்பே விளக்குகிறது. பணியைத் தொழிற்கல்வித் தகுதியாக அங்கீகரித்துச் சான்றிதழும் பெறலாம். மேற்கொண்டு ஆசிரியப் பயிற்சிக்குச் செல்ல அது படியாக அமைகிறது. இதை முழுமையான தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன், ஏனெனில் அவர்கள் செய்வதில் பெரும்பகுதி அரசு ஊதியம் கொடுத்துச் செய்யவேண்டிய வேலை. உங்கள் உரையில் அதையும் கேட்டுவிடுங்கள்.